மழை வந்தால் காற்றை நிறுத்து

1

“சாக்கடையைப் படிக்கிறதுக்கு சீமைக்குப் போவணுமா? நம்ம தெருவுலயே ஓடுதே. ஒரு முக்காலியப் போட்டுக் குந்திக்கினு பாரேன். பிளேன் சார்ஜு மிச்சம்.”

இப்படிச் சொன்னவர் என் தாய்மாமா. திண்டிவனத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவர். நெதர்லாந்தில் ஒரு வருஷம் மேல்படிப்பு, உதவித்தொகையோடு கிடைத்திருக்கிறது என்ற செய்தியை அவரிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன். பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவர் வீட்டில் தங்கித்தான் நான் படித்தேன். விழுப்புரத்தில் மூட்டை தூக்கும் என் அப்பாவுக்கும், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கக் கூலிக்குப் போகும் என் அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் என்றால் அதன் மதில் சுவர்தான் தெரியும். சுவருக்கு உள்ளே போனவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தி.

மாமா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே அதைச் சொன்னார். காற்றடிக்க நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஓடுறத நீங்க பாத்துக்கினு இருங்க மாமா. ஓடாம ஏன் வூட்டுக்குள்ள வருதுன்னு நான் பாத்துட்டு வர்றேன்” என்றேன்.

“வாயப் பாரு. ஒரு வருசம் டைம் உனுக்கு. அப்பால வந்து ஒழுங்கா ஒருத்தனுக்குக் கழுத்த நீட்டு.”

அந்த ஒரு வருஷம் இந்த வாரத்தோடு முடிகிறது.

2

என் பெயர் அஞ்சலை. இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. போன செப்டம்பரில் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் முதல் நாளே தகராறு.

“குடும்பப் பெயர்?”

“கிடையாது.”

“எல்லோருக்கும் உண்டு.”

“எங்களுக்கு முதலெழுத்து உண்டு.”

அந்த மனிதருக்குப் புரியவில்லை. அவருடைய தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது போலிருந்தது. முதலெழுத்தை விரித்து அப்பாவின் பெயரை எழுதினேன். அன்றிலிருந்து மிஸ் முனுசாமி ஆனேன். கைநாட்டு வைக்கும் என் அப்பாவின் பெயர் இந்த ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்துக் கதவில் ஒட்டியிருக்கிறது. வாயில் நுழையவில்லை, ‘மூன்’ என்று சுருக்கிக்கொள்ளலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கூடாது என்றேன். இப்போது எல்லோர் வாயிலும் நுழைகிறது.

இவர்கள் மொழி எனக்குத் தலைகீழாகத்தான் வந்தது. ரொட்டிக்கு முன்னால் சாக்கடைக்குச் சொல் கற்றேன். பாலுக்கு முன்னால் கசடுக்கு. முதல் மாதம் கடையில் பழுப்பு ரொட்டி கேட்கப் போய், எனக்குத் தெரிந்த ஒரே பழுப்புப் பொருளின் பெயரைச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்ற பெண்மணி பையை எடுத்துக்கொண்டு இரண்டடி விலகி நின்றார்.

பக்கத்துத் தெருவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அந்த அக்காவுக்கு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பது ஆறு வயது மகள்தான். ஒருநாள் குடைக்குள் மூவரும் நடந்தபோது, “மழை பெய்யுது, கெதியா வா” என்றார் அக்கா. “மழை இல்லையம்மா, ரேகன் எண்டு சொல்லுங்கோ” என்று மழைக்கான டச்சுச் சொல்லால் திருத்தினாள் மகள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவள் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் பொசுபொசுவென்று தூறுகிற இதற்கு மழை என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் இங்கும் வருஷத்தில் சில நாள் நிஜமான மழை உண்டு. என் படிப்பு அந்தச் சில நாட்களைப் பற்றியது.

3

என்ன படிப்பு என்று ஊரிலிருந்து கேட்டு எழுதியவர்களுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஊரின் குளியல், சமையல், கக்கூசுத் தண்ணீர் எல்லாம் குழாய் வழியே ஊருக்கு வெளியே ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. அங்கே பெரிய தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன. அவை மூச்சுவிடப் புளோயர் வைத்து அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். தண்ணீர் பழுப்பாகக் கொதிப்பதுபோல் இருக்கும். பிறகு அது அடுத்த தொட்டிக்குப் போய் அசையாமல் நிற்கும். கிருமிக் கூட்டம் கசடாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீர் வாய்க்காலுக்கு வழியும். இறங்கிய கசடைத் திரும்ப முதல் தொட்டிக்கே பம்பு செய்வார்கள். கிருமிகள்தான் அந்த நிலையத்தின் வேலையாட்கள். அவர்கள் போய்விட்டால் நிலையம் வெறும் தொட்டி.

கனமழையில் தெருத்தண்ணீரும் அதே குழாயில் சேர்ந்துகொள்கிறது. வழக்கத்தைப்போல் மூன்று மடங்கு தண்ணீர் வந்து மோதும். தெளியும் தொட்டியில் கசடு இறங்க நேரமில்லாமல் மேலே எழும்பி, விளிம்பைத் தாண்டி, வாய்க்காலுக்குப் போய்விடும். மீன் சாகும். வேலையாட்களும் போனதால் மழை விட்ட பிறகும் பல நாட்கள் நிலையம் சரியாக ஓடாது.

மழையைக் கூப்பிட்டு வரவழைத்துச் சோதிக்க முடியாது. ஆகவே அந்தத் தொட்டிகளையும் கிருமிகளையும் மழையையும் எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிடுகிறோம். மதியம் கணக்கைக் கொடுத்தால் மறுநாள் காலை பச்சைக் கோடு போட்ட தாளில் பதில் அச்சாகி வரும். கம்ப்யூட்டருக்குள் எத்தனை முறை வெள்ளம் வந்தாலும் யாருடைய அரிசிப் பானையும் நனையாது.

எங்கள் வீட்டில் நனைந்தது. விழுப்புரத்தில் எங்கள் தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ஊர்த் தண்ணீர் முழுவதும் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. ஐப்பசியில் சாக்கடை வாசல்படியைக் கேட்காமலே உள்ளே வரும். அம்மா தட்டுமுட்டுச் சாமானைப் பரணில் ஏற்றுவார், அப்பா வாசலில் மண்மூட்டை அடுக்குவார். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது இயற்கை. பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்பது இயற்கை இல்லை. அந்த வாசனைக்காக நான் ஏங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம்.

4

மார்ச் மாதம் ஒரு தப்பு செய்தேன். மழைக்கணக்கு ஒன்றில், காற்றின் அளவைத் தரவேண்டிய இடத்தில் எண் விடுபட்டுவிட்டது. கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. மழை முழுவதும் காற்றே இல்லை. மறுநாள் தாளைப் பார்த்தால், வாய்க்காலுக்குப் போன கசடு வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருந்தது.

முதலில் நம்பவில்லை. வேண்டுமென்றே பூஜ்யம் கொடுத்து ஓட்டினேன். அதே பதில். மழை உச்சத்தில் இருக்கும் கொஞ்ச நேரம் மட்டும் காற்றை நிறுத்தினேன், பிறகு இன்னும் கொஞ்ச நேரம். ஓர் அளவு வரை நிலைமை தேறியது, அதைத் தாண்டினால் கிருமிகள் மூச்சுத்திணறின. காரணம் எளிது. காற்று நின்றால் கலக்கல் நிற்கும். கசடு முதல் தொட்டியிலேயே அடியில் படுத்துக்கொள்ளும். வெள்ளம் அதன் தலைக்குமேல் ஓடிவிடும்.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“உங்கள் ஊரில் பெண்கள் குடத்தில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைப்பார்கள் அல்லவா? பழமையான இந்திய அறிவு! இதை முன்னுரையில் எழுதலாம்.”

“எங்கள் தெருக் குடத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்ததற்குக் காரணம், குழாய் போடவில்லை. அதை அறிவு என்று எழுத மாட்டேன். இது என் தப்பிலிருந்து வந்தது, பிறகு கம்ப்யூட்டரில் ஃபோர்ட்ரான் மொழியில் சரிபார்த்தது. அப்படியே எழுதுவேன்.”

அவர் பேனாவை மூடினார். கோபமில்லை. ஆனால் கணக்காகப் பேசினார். கம்ப்யூட்டரில் மட்டும் நடந்த மழையைக் காட்டி, இந்த வருஷத்துக்குப் பிறகு நான் தொடர நினைத்த ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைக்காது. செப்டம்பருக்குள் நிஜ மழையில், நிஜத் தொட்டியில் ஒருமுறையாவது செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரு சான்றிதழோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

5

நிஜத் தொட்டி ஹெங்க் கையில் இருந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் தலைவர். தொட்டிகளைத் தன் மாட்டுத்தொழுவம்போல் பார்த்துக்கொள்பவர். அவருடைய ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வானம் கறுத்ததும் எல்லாப் புளோயர்களையும் முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். கஷ்ட காலத்தில் கிருமிகளுக்கு நல்ல மூச்சு வேண்டும் என்பது எண்ணம். சும்மா கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அந்த மக்களுக்கு வராது. கடலையே பின்னால் தள்ளி நிலம் எடுத்தவர்கள்.

நான் சொன்னதைக் கேட்டு ஹெங்க் காப்பியைக் கீழே வைத்தார்.

“மழை வரும்போது காற்றை நிறுத்துவதா? நெருப்புப் பிடிக்கும்போது தண்ணீரை நிறுத்தச் சொல்கிறாய்.”

“கொஞ்ச நேரம்தான்.”

“முடியாது, மிஸ் முனுசாமி. உன் கம்ப்யூட்டரில் நிறுத்திக்கொள். அங்கே மீன் கிடையாது.”

ஏப்ரல் போனது. மே போனது. இரண்டு நல்ல மழை வந்து போனது. நான் வேலிக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே புளோயர்கள் அலறின. வாய்க்கால் பழுப்பாக ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் வீட்டிலிருந்து கேசட் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் ஒரு வரம். மாமா திண்டிவனத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் போய்ப் பேசவைத்து அனுப்பியிருந்தார். அப்பா தொண்டையைச் செருமிவிட்டு, “நல்லாகீறியாம்மா” என்பதோடு முடித்துக்கொண்டார். மீதிக் கேசட் மாமாவுடையது.

“அஞ்சல, விக்கிரவாண்டில ஒரு எடம் பாத்துவச்சிகீறேன். சொந்தமா டிராக்டர் வச்சிகீறாரு. நல்ல மாதிரி. சாக்கடையப் பத்தித்தான் படிக்கிதுன்னேன், பரவால்ல, வூட்ல எடுத்துக்கட்டி வேல செய்யுமில்லன்னு கேட்டாரு. நீ ஜல்தி வந்து…”

நடுவில் அம்மாவின் குரல் பாய்ந்தது.

“ன்னாடா நீ, அதுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியுமான்னு அவரு கேக்கலியா? நவுரு. அஞ்சல, கோடமழ ஒண்ணு பேஞ்சிது, அதுக்கே சாக்கட உள்ள வந்துட்சி. வாரிக் கொட்டிக்கினு கெடந்தேன். நீ எதுக்குப் போனியோ அத்த முடிச்சுட்டு வா. பாதில உட்டுட்டு வந்தியானா வாசப்படி ஏறாத. அவ்ளோதான்.”

“யக்கா, டேப்பு ஓடிக்கினு கீது.”

“ஓடட்டும்! அது கேக்கத்தான் பேசறேன்.”

திருப்பிப் போட்டு இன்னொரு முறை கேட்டேன். மறுநாள் காலை அனுமதி கேட்காமல் நேராக நிலையத்துக்குள் போனேன்.

6

ஹெங்க் தினமும் காலையில் செய்யும் வேலை ஒன்று உண்டு. காற்றூதும் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி உருளை நிறைய முகந்து ஜன்னலில் வைப்பார். காப்பி குடித்து முடிப்பதற்குள் கசடு பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது என்று பார்த்துத்தான் கிருமிகளின் ஆரோக்கியத்தைச் சொல்வார். டாக்டர் நாடி பார்ப்பது மாதிரி.

நான் போனபோது உருளை ஜன்னலில் இருந்தது. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஹெங்க், இந்த உருளைக்குள் காற்று ஊதுகிறீர்களா?”

“இல்லை.”

“கிருமி செத்ததா?”

“இவ்வளவு நேரத்தில் எப்படிச் சாகும்?”

“என்ன செய்கிறது?”

அவர் உருளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படுத்துக்கொள்கிறது” என்றார்.

“தினமும் காலையில் நீங்களே செய்வதைத்தான் மழையில் செய்யச் சொல்கிறேன். உங்களிடம் இரண்டு வரிசைத் தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றை உங்கள் வழக்கப்படி ஓட்டுங்கள். இன்னொன்றை எனக்குத் தாருங்கள்.”

“கசடு வாய்க்காலுக்குப் போனால் நான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உன் பெயரைத்தான் எழுதுவேன்.”

“எழுதுங்கள். சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.”

ஹெங்க் முதல்முறையாகச் சிரித்தார்.

7

மழை ஜூலையில் ஒரு மத்தியானம் வந்தது. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். வரவில்லை. வால்வுகள்தான் ஞாபகம் வந்தன. சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது முழுக்க நனைந்திருந்தேன்.

வரும் தண்ணீரின் அளவு ஏறத் தொடங்கியதும் கையைக் காட்டினேன். இரண்டாவது வரிசையின் புளோயர் நின்றது. பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்த தொட்டி மெல்ல அடங்கி, மேலே வெறும் மழைத்துளி விழும் குளமாயிற்று. பக்கத்து வரிசை வழக்கம்போல் அலறிக்கொண்டிருந்தது. ஹெங்கின் ஆட்களுக்கு நிலைகொள்ளவில்லை. ஒருவர் கை தானாகவே சுவிட்சுப் பக்கம் போயிற்று.

“தொடாதே!” என்று ஹெங்க் கத்தினார். “மிஸ் முனுசாமி சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது.”

விழுப்புரத்தில் அந்தப் பெயரைச் சொல்லி, ‘தூக்கு’, ‘இறக்கு’, ‘நகர்’ என்று கட்டளையிட்டுத்தான் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர் சொல்லும்வரை ஆட்கள் காத்திருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் முதல் வரிசையின் தெளியும் தொட்டியில் கசடு மேலே வந்தது. முதலில் திட்டுத்திட்டாக, பிறகு விளிம்பு முழுவதும். வாய்க்காலுக்குள் பழுப்பு நாக்கு ஒன்று நீண்டது. இரண்டாவது வரிசையில் விளிம்பைத் தாண்டிய தண்ணீர் கலங்கலாக இருந்தது. ஆனால் வாய்க்கால் அடியில் இருந்த கல் தெரிந்தது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மழை தணிந்ததும் காற்றை ஒரேயடியாகத் திறக்கச் சொன்னேன். படுத்திருந்த கசடு மொத்தமாக எழுந்து, ஒரு வீச்சில் கொஞ்சம் வெளியே போய்விட்டது. கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டும். என் கணக்கில் அது இல்லை. அதையும் எழுதினேன். தப்பில் பிறந்த கணக்குக்கு அடுத்த தப்பை மறைக்கும் உரிமை கிடையாது.

ஹெங்க் மழைத்தொப்பியைக் கழற்றி உதறினார். இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மோசமில்லை” என்றார்.

இந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

8

பேராசிரியர் தன் வார்த்தையைக் காப்பாற்றினார். ஆய்வுக்கு இடம் கிடைத்தது. எந்த நிலையத்தை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டு, மூன்று டச்சு ஊர்களின் பெயரைச் சொன்னார். நான் விழுப்புரம் என்றேன்.

“அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா?”

“இல்லை. மழை இருக்கிறது, சாக்கடை இருக்கிறது, பள்ளத்தில் ஒரு தெரு இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் எப்போது வருகிறது என்று இதுவரை யாரும் அளக்கவில்லை. நிலையம் கட்டுகிற அன்றைக்கு எண் வேண்டும். எண் இல்லாவிட்டால் மறுபடி எங்கள் வாசலில்தான் விடுவார்கள்.”

அவர் யோசித்துவிட்டு, பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று ஒத்துக்கொண்டார்.

இன்று காலை பதிவு அலுவலகத்தில் அதே மனிதர். முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வு நடக்கும் ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். தன் பட்டியலில் தேடினார். “அது எந்த மாகாணம்?” என்றார். “தென்னாற்காடு” என்றேன். காலிக் கட்டம் இல்லாததால் திருப்தியாக முத்திரை குத்தினார்.

மாமாவுக்கு ஆகஸ்டிலேயே கேசட் பேசி அனுப்பியிருந்தேன். எங்கள் தெருமுனைச் சின்னப் பாலத்தின் சுவரில் சாணுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட வேண்டும், மழை பெய்தால் தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குப் பதில் முந்தாநாள் வந்தது.

“சைக்கிளுக்கு அடிக்கிற பெயிண்ட்டால கோடு போட்டுட்டேன். மழ பேஞ்சாலும் அழியாது. போன வாரம் மழ வந்துச்சி, பஸ் ஏறிப் போயி, முக்காலியப் போட்டுக் குந்திக்கினு பாத்தேன். போறவன் வர்றவன்லாம், ‘இன்னா மொதலாளி, மீன் புடிக்கிறியா’ன்றான். ஒரே பேஜாரு.”

“பொய் சொல்றான் அஞ்சல” என்றது அம்மாவின் குரல். “கொட இல்லன்னு உள்ள வந்துட்டான். நான்தான் நின்னு பாத்தேன். மூணாவது கோட்டத் தாண்டிப் பூட்சி.”

“விக்கிரவாண்டிக்காரருக்கு இன்னா சொல்றது?” என்று மாமா கடைசியாகக் கேட்டிருந்தார். டிராக்டரை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நேற்றே பதில் பேசி அனுப்பிவிட்டேன்.

ஐப்பசி பிறப்பதற்குள் வருகிறேன். டிக்கெட் வாங்கியாயிற்று, மழையை அளக்க இரண்டு மழைமானிகள் பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஓர் ஊரைப் புதிதாகத் தொடங்கும்போது, தண்ணீர் ஓடும் வழியில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். மேட்டில் தொடங்கி இறங்குவது இங்கே வழக்கம். பள்ளம் கடைசியில் வரும். அம்மா சொன்ன மூன்றாவது கோட்டை வைத்துக்கொண்டு, நான் பள்ளத்தில் தொடங்கினேன். எங்கள் தெருமுனைச் சின்னப் பாலம்தான் எண் ஒன்று.